தவளையின் இருபத்துநான்கு குணங்கள்

பழைய கார் வாங்குகிறவர்கள் முதலில் பானட்டைத் திறந்து எஞ்சினைப் பார்க்கிறார்கள். அதில் பயனில்லை. எஞ்சினை யார் வேண்டுமானாலும் துடைத்துப் பளபளவென்று வைத்துவிடலாம். ஓட்டுபவர் காலடியில் இருக்கும் விரிப்பைத் தூக்கி, கையை வைத்துப் பார்க்க வேண்டும். ஈரமாக இருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம், விற்பவருக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு வந்த வழியே திரும்பிவிடலாம்.

நீங்கள் கொடுத்த வாக்குமூலப் படிவத்தில் 'காரணம்' என்பதற்கு எதிரே ஒன்றரை அங்குலக் கட்டம்தான் விட்டிருக்கிறார்கள். பெயருக்கு மூன்று வரி, காரணத்துக்கு ஒன்றரை அங்குலம். இதை வடிவமைத்தவர் ஒருநாளும் எதற்கும் காரணம் சொல்ல வேண்டியிராத புண்ணியவான். நான் முப்பத்துமூன்று வருடம் ஒரு பெரிய அலுவலகத்தின் படிவப் பிரிவில் இருந்தவன். அதனால்தான் வெள்ளைத் தாள் கேட்டேன். முகம் சுளிக்காமல் கொடுத்தீர்கள், தேநீரும் வரவழைத்தீர்கள். நன்றி.

காலையில் நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. காரில் கிடைத்த தாளில் இருக்கும் பென்சில் குறி யாருடையது என்று கேட்டீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன். படிவம் நிரப்பும்போது நடுவிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது.

காரை நாங்கள் தவளை என்று கூப்பிடுவோம். பச்சை நிறம். குளிர்ந்த காலையில் முதல் கியரில் இரண்டு தாவு தாவிவிட்டுத்தான் ஓடும். நான் வாங்கும்போதே மூன்று கை மாறியிருந்தது. என்னிடம் ஒன்பது வருடம் இருந்தது. ஒருநாள்கூட என்னை நடுத்தெருவில் விட்டதில்லை. அதன் குணம் தெரிந்தவனுக்கு அது தங்கம். சாவியைப் பாதி திருப்பி, பெட்ரோல் பம்பு முனகி அடங்கும்வரை காத்திருந்து, பிறகு முழுக்கத் திருப்ப வேண்டும். பெட்ரோல் முள் கால்வாசிக்கு வந்ததும் நம்மிடம் சொல்லிக்கொள்ளாமல் பூஜ்யத்துக்குப் போய்விடும். நெரிசலில் சூடு ஏறினால் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு நாம் வியர்க்க வேண்டும், அது குளிர்ந்துவிடும். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் இடப்பக்கம் ஒடித்தால்தான் ஹாரன் அடிக்கும். வயதான சின்னக் கார்கள் எல்லாமே இப்படித்தான். ஒன்றை விட்டுக்கொடுத்தால் இன்னொன்றைத் தரும்.

அடுத்து என் தங்கை. எனக்கும் அவளுக்கும் பதினான்கு வயது வித்தியாசம். அவளுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அதன் பிறகு அவளுக்கு எல்லாம் நான்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைத் தியாகம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படி ஒன்றும் தோன்றியதில்லை, வீட்டில் பேச்சுக்கு ஆள் இருந்தது, அது போதுமாக இருந்தது.

அவள் பேச ஆரம்பித்தால் ஒரு விஷயத்துக்குள் ஏழு விஷயம் இருக்கும். பால் வாங்கப் போன கதையில் பூனை வரும், பூனையில் பக்கத்து வீட்டு டீச்சர் வருவார், டீச்சரில் போன வருட மழை வரும். கடைசியில் பால் திரிந்துபோயிருக்கும். அலுவலகத்தில் அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு படிவத்தையும் நான் வீட்டுக்குக் கொண்டுவந்து அவளிடம் கொடுப்பேன். ஒவ்வொரு வரியாகப் படிப்பாள், படித்த வரிக்கு நேரே பென்சிலால் ஒரு சின்ன டிக் போடுவாள். அவளுக்குப் புரியாத கேள்வி ஊருக்குப் புரியாது என்று அதை அடித்துவிடுவேன். எந்தத் தாளைக் கொடுத்தாலும் அவள் திருப்பிப் பார்க்காமல் வைக்க மாட்டாள். மருந்துச் சீட்டு, மளிகைச் சீட்டு, பொட்டலம் மடித்த காகிதம் எதுவானாலும் சரி. சொல்லாமலேயே தாளைத் திருப்பும் ஒரே ஆளை நான் வாழ்க்கையில் பார்த்தேன் என்றால் அது அவள்தான்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் ஒரு விண்ணப்பப் படிவத்தின் அடியில் 'மறுபக்கம் பார்க்க' என்று போட மறந்துவிட்டேன். போதாக்குறைக்குக் கையெழுத்துக்கான கோட்டை முன்பக்கத்தின் அடியிலேயே வைத்துவிட்டேன். நான்காயிரம் பேர் பின்பக்கத்தைத் தொடாமல் அனுப்பினார்கள். நான்காயிரமும் தள்ளுபடி. மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு வாங்கு வாங்கு என்று வாங்கினார். அன்று படித்த பாடம் இதுதான்: கையெழுத்துக் கோட்டைக் கண்டதும் மனிதன் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறான். அதற்குப் பிறகு முப்பது வருடம் ஒரு தாளிலும் அந்த இரண்டு சொற்களை நான் மறந்ததில்லை.

மாப்பிள்ளை பார்த்ததும் நான்தான். வந்த விவரத் தாள்களிலேயே அவருடையதில்தான் ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. அதைப் பார்த்து மயங்கிவிட்டேன். எல்லாக் கட்டத்தையும் ஒரே சொல்லில் நிரப்பியிருந்தார். அதுதான் அவருடைய குணமே என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

யார் எதைச் சொல்ல வந்தாலும் "சுருக்கமா சொல்லுங்க" என்பார். அதனால் மனதுக்குள் அவருக்குச் சுருக்கம் என்று பெயர் வைத்திருந்தேன். கெட்ட மனிதர் இல்லை. குடி இல்லை, கை நீட்டியதில்லை, ஓடு விற்கும் கம்பெனியில் நல்ல உத்தியோகம். யாரையும் பேசி முடிக்க விட மாட்டார், அவ்வளவுதான். என் தங்கை பூனை வரைக்கும்கூடப் போக முடியாது, பாலிலேயே நிறுத்திவிடுவார். நாலு பேர் முன்னால் கையைக் கத்தரிக்கோல் மாதிரி வைத்து வெட்டிக் காட்டுவார். எல்லாரும் சிரிப்பார்கள். முதலில் அவளும் சிரித்தாள். பத்து வருடத்தில் அவள் வாக்கியங்கள் தேய்ந்து தேய்ந்து ஒற்றைச் சொல்லுக்கு வந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தால் 'ம்', 'சரி', 'ஆச்சு' என்று மூன்று சொல் கிடைக்கும். எனக்கு வயிறு எரியும்.

அப்படியும் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்தது. இந்த வருடம் அதற்கும் வேட்டு வைத்தார்கள். சுருக்கத்துக்கு மாற்றல், பதினெட்டு மணி நேரப் பயணத் தூரத்தில் ஒரு நகரத்துக்கு. இரண்டு மாதத்தில் போக வேண்டும். அலுவலகக் காரை இங்கேயே ஒப்படைத்தாயிற்று, அங்கே கார் இல்லாமல் முடியாது, ஒரு பழைய கார் கிடைத்தால் நல்லது என்று அவரே சொன்னார். நான் தவளையைச் சும்மாவே தருகிறேன் என்றேன். பெருந்தன்மை என்று எல்லாரும் புகழ்ந்தார்கள்.

அதற்கு முந்திய வாரம்தான் மெக்கானிக் தவளைக்கு அடியிலிருந்து எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே எனக்கு ஒரு விஷயம் சொல்லியிருந்தார்.

"சார், பிரேக் மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள்ளயே கசியுது. வெளியில ஒரு சொட்டுகூடத் தெரியாது. பெடலை அழுத்திக்கிட்டே இருந்தா மெதுவா கீழ இறங்கும் பாருங்க."

"ஓட்டலாமா?"

"உங்க தெரு சமதரை. மிதிச்சு மிதிச்சு விட்டீங்கன்னா பிடிக்கும். ஆனா இறக்கத்துல காலை எடுக்காம அழுத்திக்கிட்டே போனா, ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் பாதி வழியில பெடல் தரையைத் தொட்டுடும். அப்புறம் சாமிதான். மாத்திடலாமா?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சுருக்கத்தின் வீடு எங்கே என்று நீங்கள் போய்ப் பார்த்திருக்கிறீர்கள். பழைய தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, மேட்டின் உச்சியில். கீழே இறங்க இரண்டு கிலோமீட்டர், மூன்று வளைவு, கடைசி வளைவில் கருங்கல் சுவர். அவர் அலுவலகக் காரில் என்னை ஒருமுறை ஏற்றிக்கொண்டு அந்த இறக்கத்தில் வந்தார். பெட்ரோல் மிச்சமாம், நியூட்ரலில் போட்டுவிட்டு, பிரேக்கில் வைத்த காலை எடுக்காமல் கடைசிவரை உருட்டிக்கொண்டே வந்தார். இறக்கத்தில் கியரை எடுக்கக் கூடாது என்று சொல்ல ஆரம்பித்தேன். "சுருக்கமா சொல்லுங்க மச்சான்" என்றார். நான் சொல்லவில்லை.

பழைய வண்டியைத் தலையில் கட்டுகிறவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள், பூசி மெழுகிவிடுவார்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை. தவளையின் குறை நிறை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுத்தேன். ஒரு முழுத் தாள். 'வண்டியின் குணங்கள்' என்று தலைப்பு. இருபத்துநான்கு குறிப்புகள். பின் இடப்பக்கக் கதவு உள்ளிருந்துதான் திறக்கும் என்பது ஏழு. முழுக்க ஒடித்தால் முன் சக்கரத்தில் டக் டக் என்று கேட்கும், பயப்பட வேண்டாம் என்பது பதினான்கு. கைபிரேக் பெயருக்குத்தான், அதை நம்ப வேண்டாம் என்பது பதினேழு. வைப்பர் நடுவில் நின்றால் ஒருமுறை அணைத்துப் போடவும் என்பது பத்தொன்பது. டிக்கியை இரண்டுமுறை அறைந்து சாத்த வேண்டும் என்பது இருபத்துமூன்று.

இருபத்துநான்காவது பின்பக்கத்தில் இருக்கிறது. நீங்களே படித்தீர்கள். 'பிரேக் மாஸ்டர் சிலிண்டர் உள்ளே கசிகிறது. மாற்றும்வரை இறக்கத்தில் ஓட்டவே கூடாது.' தெளிவான எழுத்து, அடிக்கோடு போட்டிருக்கிறேன். மறைத்தேன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

முன்பக்கத்தில் இடம் போதவில்லை என்று காலையில் உங்களிடம் சொன்னேன். அது முழுச் சரியில்லை. அரைத்தாளில் நாற்பத்தொரு கேள்வி அடக்கியவன் நான். இருபத்துநான்கு குறிப்பு எனக்கு ஒரு பெரிய விஷயமா? இடப்பக்க ஓரத்தைக் கொஞ்சம் அகலமாக விட்டேன். வரிகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டினேன். இருபத்துமூன்றாவது குறிப்பு சரியாக அடியில் வந்து முடிய நான்கு தாள் வீணாயிற்று. ஐந்தாவது தாளில் சரியாக உட்கார்ந்தது. அதற்குக் கீழே 'படித்துப் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டேன். ஓரத்தில் அந்த இரண்டு சொற்களைப் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு என் வீட்டு முன்னறையில் சாவியும் தாளும் கொடுத்தேன். தங்கை சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன மச்சான், காரோட ஜாதகமா?" என்றார் சுருக்கம்.

"உக்காருங்க மாப்பிள்ளை. ஒவ்வொண்ணா படிச்சுக் காட்டிடறேன்."

நான்காவது குறிப்பில் கத்தரிக்கோல் வந்துவிட்டது. "சுருக்கமா சொல்லுங்க. வண்டி ஓடுமா, ஓடாதா?"

"நல்லா ஓடும்."

"நிக்குமா?"

"எல்லாம் தாள்ல இருக்கு மாப்பிள்ளை. ஒருதடவை முழுசா படிச்சிடுங்க."

"நீங்க ரிட்டயர் ஆனாலும் உங்க பேனா ரிட்டயர் ஆகாது போல" என்று சிரித்தார். கையெழுத்துக் கோட்டைத் தேடிக் கண்டுபிடித்துக் கையெழுத்துப் போட்டார். தாளைத் தங்கையிடம் நீட்டினார். "பத்திரமா வை. உங்கண்ணன் எழுதின காவியம்."

அவள் வாங்கிக்கொண்டாள். கொண்டையில் செருகியிருந்த பென்சிலை உருவிக்கொண்டு உள்ளே போனாள்.

நியாயமாகப் பாருங்கள். இதில் நான் அவருக்கு ஒரு வழி விட்டிருக்கிறேன். அவர் வீட்டிலேயே, அவர் பக்கத்திலேயே, எந்தத் தாளையும் திருப்பிப் பார்க்கிற ஒரு பெண் இருக்கிறாள். அவள் திருப்புவாள், படிப்பாள், "இறக்கத்தில் ஓட்டாதீங்க" என்பாள். ஐந்து சொல்கூட இல்லை. அவள் பேச்சைக் கேட்கிற புருஷனாக இருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகாது. அவளை அந்தக் காரில் உட்கார வைக்கத் துணிந்ததும் இந்த நம்பிக்கையில்தான். பத்து வருடம் அவர் வெட்டி வெட்டி வைத்த வாயிலிருந்துதான் அவர் உயிர் வர வேண்டும் என்று வைத்தேன். இதைவிட நியாயமான ஒரு படிவத்தை என்னால் யோசிக்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் தனியாக வந்தாள்.

"கார் நல்லா ஓடுது அண்ணா. பத்தொம்பது சரியா எழுதியிருக்கே, அதே மாதிரி அணைச்சுப் போட்டதும் வைப்பர் வேலை செஞ்சிடுச்சு."

அவள் இவ்வளவு நீளமாகப் பேசி வருடக்கணக்காகியிருந்தது. எனக்கு மனசு குளிர்ந்துபோனது.

"காலையில அவரோட கார்லதானே இறங்குறே?" என்று கேட்டேன். அவள் வேலை செய்யும் நூலகம் மேட்டுக்குக் கீழே இருக்கிறது, தினமும் அவர்தான் விட்டுப்போவார்.

"இல்ல. படிக்கட்டு வழியா நடந்து போயிடறேன். உடம்புக்கு நல்லதுன்னு சொல்றாங்க." கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேற ஒண்ணும் சொல்ல வேண்டியது இல்லையே அண்ணா?"

"எல்லாம் தாள்லயே இருக்கும்மா."

"ம்" என்றாள். பிறகு பூனையைப் பற்றிப் பேசினோம்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே நடப்பது பிடிக்கும். பள்ளிக்கூடத்துக்கும் நடந்துதான் போவாள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்கு ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை எட்டரை மணி. அந்த நேரத்தைப் பற்றியும் யோசித்திருக்கிறேன். கடைசி வளைவுக்குப் பக்கத்தில் ஒரு காய்கறிக் கடை இருக்கிறது, பத்து மணிக்குத்தான் திறப்பார்கள். வேறு யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. சுவரில் மோதிய பிறகும் மறுநாள் உங்கள் ஆட்கள் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது என்றீர்கள். பாதி திருப்பிக் காத்திருந்தார்களா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. தவளை அப்படிப்பட்ட வண்டி. அதன்மேல் எந்தக் குறையும் எழுத வேண்டாம், அது சொன்னபடிதான் நடந்துகொண்டது.

ஆகவே என் தங்கையின் கணவரைக் கொன்றது நான். தெரிந்து, திட்டமிட்டு, ஐந்து தாள் செலவழித்து. அவள் அந்த நகரத்துக்குப் போய்விடுவாள், ஞாயிற்றுக்கிழமைகூட எனக்கு மிஞ்சாது என்பதற்காக. காரணக் கட்டத்தில் எழுத வேண்டியது இவ்வளவுதான். இப்போது பார்த்தால் ஒன்றரை அங்குலம் போதும் போலத்தான் இருக்கிறது.

அவள் இன்னும் என்னைப் பார்க்க வரவில்லை. உங்கள் பெண் போலீஸிடம் முக்கால் மணி நேரம் நிறுத்தாமல் பேசினாள் என்றும், நடுவில் ஏதோ பூனைக்கதை வந்தது என்றும் சொன்னீர்கள். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மாற்றலை அவள் தன் பெயருக்குக் கேட்டு வாங்கியிருக்கிறாள், அவர் போகவிருந்த அதே நகரத்தில் ஒரு நூலகத்துக்கு, அடுத்த மாதம் போகிறாள் என்றும் சொன்னீர்கள். அதை நான் இரண்டாம் முறை கேட்கவில்லை. துக்கத்தில் எடுத்த முடிவு, மாறிவிடும். முன்னறையில் அவள் கட்டில் அப்படியே இருக்கிறது, வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது.

இனி உங்கள் கேள்வி. தாளின் முன்பக்கத்தில் இருபத்துமூன்று குறிப்புக்கும் நேரே பென்சிலால் டிக் போட்டிருக்கிறது. அது அவள் போட்டது. ஒப்புக்கொள்கிறேன். பின்பக்கத்தில் இருபத்துநான்காவதற்கு நேரேயும் ஒரு டிக் இருக்கிறது என்று காட்டினீர்கள். அதே பென்சில், அதே கை மாதிரி தெரிகிறது என்றீர்கள்.

அது என்னுடையது. நான் பென்சில் தொடுவதில்லை என்று என் கூட வேலை செய்தவர்கள் சொல்லியிருக்கலாம். அன்று தொட்டேன். எந்தத் தாளையும் திருப்பிப் பார்ப்பவள்தான் என்று நானேதான் மேலே எழுதியிருக்கிறேன், தெரியும். ஆனால் அன்றைக்கு அவள் திருப்பவில்லை. அடுப்பில் ஏதோ இருந்தது, அவசரம். கையெழுத்துக் கோட்டோடு முடிந்தது என்று நினைத்துவிட்டாள். நான்காயிரம் பேர் நினைக்கவில்லையா? அவளும் நினைத்தாள். திருப்பியிருந்தால் சொல்லியிருப்பாள். அவள் சொல்லாமல் இருக்கிற பெண் இல்லை.

இது எட்டாவது தாள். இதுவரை ஒவ்வொரு தாளின் அடியிலும் 'மறுபக்கம் பார்க்க' என்று மறக்காமல் எழுதியிருக்கிறேன், கவனித்திருப்பீர்கள். இதில் எழுதவில்லை. கீழே கையெழுத்துப் போட்டுவிட்டேன். இதோடு முடிந்தது. பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை, திருப்பிப் பார்க்க வேண்டியதில்லை.